தனிப் பாணி தேடுவோர் கவனத்திற்கு

லினோலியத்தை வெட்டி அச்சிடும் லினோகட் பழக வருகிறவர்களில் பலருக்கு உளியைப் பிடிக்கும் முன்பே தனிப் பாணி கைவந்துவிட வேண்டும். லினோலியமோ தரையில் விரிக்கப் பிறந்த சரக்கு. ஆளிவிதை எண்ணெய், தக்கைத் தூள், பின்பக்கம் சணல் துணி. 1860களில் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை வாங்கிய ஃபிரெடரிக் வால்டன், அதன்மேல் செருப்புக்கால் படும் என்றுதான் எண்ணியிருப்பார். யாருடைய ஆன்மாவும் வெளிப்படும் என்று எண்ணியிருக்க மாட்டார்.

வெட்டிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. சட்டம் அவ்வளவுதான். வெள்ளைப் பகுதியைச் சரியாக வழிக்காவிட்டால், மிஞ்சிய மேடுகளில் உருளை மை தடவிவிடும். தாளில் கோடு கோடாக விழும். வகுப்பில் அதற்குப் பெயர் பிசிறு. கண்காட்சியில் பாணி. எழுத்தைத் திருப்பி வெட்ட மறந்து, கையெழுத்து இடவலம் மாறி விழுந்தவரா? அவர் மரபை உடைத்தவர்.

ஓவியர் நந்தலால் போஸ் 1930இல் தடியூன்றி நடக்கும் காந்தியை லினோலியத்தில் வெட்டினார். கறுப்புப் பின்னணி, எண்ணி இட்டதுபோல் வெள்ளைக் கோடுகள். பிக்காஸோ எழுபதைத் தாண்டித்தான் இதில் மும்முரமாக இறங்கினார். ஒரே பலகையை வெட்டி அச்சிட்டு, மேலும் வெட்டி அடுத்த வண்ணத்தை ஏற்றினார். அந்த முறையில் தப்பாக வெட்டினால் திரும்ப வழி கிடையாது. (நம்மவர்களுக்கு முதல் அச்சு காய்வதற்குள் 'காலகட்டம்' மாறிவிடுகிறது.)

பாணி வரும்போது வரட்டும். அதுவரை, உளி போகும் திசையில் மறுகையை வைக்காதீர்கள்.