ஏற்றுமதி ஆகாத குழந்தைகள்

எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் குழந்தைக்கு இருமல் என்று போய் நின்றால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். "எத்தனை வயசு சார்?" ரெண்டரை என்றால் சின்ன பாட்டில், ஆறு என்றால் பெரிய பாட்டில். சளியா, வறட்டு இருமலா, மூச்சு இழுக்கிறதா என்று விசாரிக்க அவருக்கும் நேரமில்லை, எனக்குப் பின்னால் பி.பி. மாத்திரைச் சீட்டோடு நிற்கிறவருக்கும் பொறுமையில்லை. பாட்டிலோடு ஒரு பிளாஸ்டிக் மூடி வரும். அதில் கோடு போட்டிருக்கும். நடுராத்திரியில் அழுகிற பிள்ளையை மடியில் இடுக்கிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி அந்தக் கோட்டைப் பார்த்து, ஒரு சொட்டு கூடிவிடக் கூடாதே என்று ஊற்றுகிற தாயின் கவனம் இருக்கிறதே, அதில் நூறில் ஒரு பங்கு அந்த பாட்டிலை நிரப்பியவனுக்கு இருந்திருந்தால் நான் இன்றைக்கு வேறு ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா மாவட்டத்தில் பிள்ளைகளுக்குச் சளி, காய்ச்சல். டாக்டர் எழுதினார், கடைக்காரர் கொடுத்தார், தாய் ஊற்றினாள். சில நாளில் பிள்ளைக்கு மூத்திரம் நின்றது. சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். நாக்பூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், டயாலிசிஸ் செய்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்துப்போனார்கள். பெரும்பாலும் ஐந்து வயதைத் தாண்டாதவர்கள்.

அந்த சிரப்பின் பெயர் கோல்ட்ரிஃப். பிறந்த ஊர் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரம். பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன மாவட்டம் இதற்கும் பேர் வாங்கியது.

பாட்டிலுக்குள் இருந்த விஷத்தின் பெயர் டைஎத்திலீன் கிளைக்கால். பெயின்ட், மை, பிரேக் ஆயில் போன்றவற்றுக்கான சரக்கு. மருந்தில் அது 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. இதில் இருந்தது 48.6 சதவீதம். இதைக் கலப்படம் என்று எழுதுகிறார்கள். பாலில் தண்ணீர் சேர்ந்தால் கலப்படம். பாதிக்குப் பாதி விஷம் என்றால் எது எதில் கலந்தது? நல்ல விஷத்தில் பாராசிட்டமாலைக் கலப்படம் செய்துவிட்டார்கள் என்று வேண்டுமானால் கேஸ் போடலாம்.

இது ஏன் சிரப்புக்குள் வருகிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. சிரப்பில் மருந்தாக இருக்கும் பாராசிட்டமால் தண்ணீரில் லேசில் கரையாது. அதைக் கரைக்க புரொப்பிலீன் கிளைக்கால் என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். அதிலேயே மருந்துக்கென்று சுத்தப்படுத்தியது ஒரு விலை, தொழிற்சாலைச் சரக்கு அதைவிட மலிவு. மலிவுச் சரக்கின் பீப்பாயில் என்னென்ன இருக்கும் என்பது அந்தப் பீப்பாய்க்கே தெரியாது. நல்லதும் கெட்டதும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்: நிறமில்லை, கொழகொழப்பு. கெட்டதும் இனிக்கும். குழந்தை முகம் சுளிக்காமல் குடிக்கும். இதைவிடத் தோதான விஷம் வேறு உண்டா?

பிரித்துப் பார்க்க ஒரு சோதனை உண்டு. அது நேற்று கண்டுபிடித்த வித்தை இல்லை, இந்த விஷமும் நேற்று வந்தது இல்லை. 1937-ல் அமெரிக்காவில் எலிக்சிர் சல்ஃபனிலமைடு என்ற சிரப்பில் இதே டைஎத்திலீன் கிளைக்காலைக் கரைப்பானாகப் போட்டு நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கம்பெனியின் மேல் அன்றைய சட்டத்தில் சுமத்த முடிந்த குற்றம் என்ன தெரியுமா? சாராயம் இல்லாத மருந்துக்கு 'எலிக்சிர்' என்று தப்பாகப் பெயர் வைத்தது. அவமானப்பட்டு மறு ஆண்டே அமெரிக்கர்கள் சட்டத்தை மாற்றினார்கள், விற்குமுன் மருந்து பாதுகாப்பானது என்று காட்டியாக வேண்டும் என்று. நமக்கும் அனுபவத்துக்குக் குறைவில்லை. 1972-ல் இதே சென்னையில், 1986-ல் மும்பையில், 1998-ல் டெல்லிக்குப் பக்கத்து குர்கானில், 2019-20-ல் ஜம்முவில் என்று இந்தக் கிளைக்கால் நம்மைத் திரும்பத் திரும்ப வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறது. நாமும் ஒவ்வொரு முறையும் அதைப் புது விருந்தாளியாகவே வரவேற்கிறோம்.

இப்போது ஒரு பாராட்டு. கிண்டல் இல்லை, மெய்யாகவே. மத்தியப் பிரதேசத்திலிருந்து தமிழ்நாட்டுக்குத் தகவல் வந்தது 2025 அக்டோபர் 1. ஆயுத பூஜை. ஊரே லேத் மெஷினுக்கும் டூ வீலருக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த நாள். நம் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அன்றே கம்பெனிக்குப் போனார்கள், மாதிரி எடுத்தார்கள். மறுநாள் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் சேர்ந்த விடுமுறை. அன்றைக்கும் சென்னை ஆய்வகம் திறந்திருந்தது, ரிப்போர்ட் வந்துவிட்டது. ஒரே நாள். அதே சமயத்தில் டெல்லியில் மத்திய சுகாதார அமைச்சகம், மத்தியப் பிரதேசத்தில் எடுத்துச் சோதித்த மாதிரிகளில் விஷம் ஏதும் இல்லை என்று அறிக்கை விட்டுக்கொண்டிருந்தது. அவர்களோடு ஒப்பிட்டால் நம்மவர்கள் பறந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பாராட்டு முடிந்தது. ஒரு நாள் போதும் என்றால், அந்த ஒரு நாள் ஏன் பிணம் விழுந்த பிறகு வந்தது? அந்தக் கம்பெனி 2011-லிருந்து லைசென்ஸ் வைத்திருக்கிறது. பதினான்கு ஆயுத பூஜை பார்த்த கம்பெனி. கடைசி இரண்டு ஆண்டுகளாக ஆய்வுக்கே போகவில்லை என்று சம்பவத்துக்குப் பிறகு இரண்டு ஆய்வாளர்களைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். சம்பவத்துக்குப் பின் உள்ளே போய்ப் பார்த்தபோது 350-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள். இத்தனையும் ஒரே ராத்திரியில் முளைத்ததா? சுவரில் ஒரு கரையான் புற்று வைக்கவே மாதக்கணக்கில் ஆகும்.

அதற்கப்புறம் நடந்ததுதான் நமக்கு நன்றாக வருகிற விளையாட்டு. தயாரித்த மாநிலம் கவனிக்கவில்லை என்றார்கள் போபாலில். விற்ற மாநிலம் கவனிக்கவில்லையா என்றார்கள் சென்னையில். எங்களுக்குச் சொல்லவே இல்லை என்றார்கள் டெல்லியில். மருந்தை எழுதிய டாக்டர் கைது. முதலாளி கைது. லைசென்ஸ் ரத்து. மூன்று அரசாங்கங்களும் ஒன்றையொன்று நோக்கிக் கை நீட்டினால் நடுவில் அழகான ஒரு முக்கோணம் கிடைக்கும். அதற்குள் இருபது சின்னப் புதைகுழிகள் அடங்கும்.

இருந்தாலும் எனக்கு வயிறு எரிவது இதற்காக இல்லை. அசட்டையை நான் பார்த்து வளர்ந்தவன். எரிவது ஒரு அரசு உத்தரவைப் படித்தபோது.

2022-ல் ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற குட்டி நாட்டில் சுமார் எழுபது குழந்தைகள் செத்தார்கள். ஹரியானாவில் தயாரான சிரப்புகளில் இதே விஷம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. நம் அதிகாரிகள், நாங்கள் சோதித்த மாதிரிகளில் குறையில்லை என்று பதில் கடிதம் எழுதினார்கள். அந்த வருடக் கடைசியில் உஸ்பெகிஸ்தானிலிருந்து அதே செய்தி, இம்முறை நொய்டாவில் தயாரான சிரப். 'உலகத்தின் மருந்தகம்' என்று மேடைக்கு மேடை போட்டுக்கொண்ட பட்டத்துக்குக் கீறல் விழுந்தது. உடனே விழித்துக்கொண்டார்கள். 2023 ஜூன் 1 முதல், வெளிநாட்டுக்குப் போகிற ஒவ்வொரு இருமல் சிரப்பும் அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, சான்று வாங்கிய பிறகே கப்பல் ஏற வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

வெளிநாட்டுக்குப் போகிற சிரப்பு. நன்றாகக் கவனியுங்கள்.

காம்பியாத் தலைநகர் பாஞ்சுல் பிள்ளைக்குச் சான்றிதழோடு சிரப். சிந்த்வாரா மாவட்டத்துப் பராசியா ஊர்ப் பிள்ளைக்கு, பல்லாவரத்துப் பிள்ளைக்கு, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நம்பிக்கையோடு சிரப். இறால் ஏற்றுமதிக்கும் இப்படித்தான் செய்வோம். முதல் தரம் பெட்டியில் போய்விடும், கழித்தது உள்ளூர்ச் சந்தைக்கு வரும். பழகிப்போன வியாபார தர்மம்தான். குழந்தைகளையும் அதே தராசில் வைப்போம் என்று மட்டும் நான் நினைத்ததில்லை. காம்பியாக் குழந்தை செத்தால் டாலர் போகும், பேர் போகும். சிந்த்வாராக் குழந்தை செத்தால் நிவாரணத் தொகை மட்டும்தான் போகும், அதுவும் நம் வரிப்பணத்திலிருந்து. கணக்குப் போட்டவன் கெட்டிக்காரன், வாழ்த்துகள்.

சட்டத்தின் கருணை இதோடு நிற்கவில்லை. அதே 2023-ல் ஜன் விஸ்வாஸ் என்றொரு சட்டம் வந்தது, 'மக்கள் நம்பிக்கை' என்று அர்த்தம். மருந்துச் சட்டத்தின் 27(டி) பிரிவில் வருகிற தரமற்ற மருந்துக் குற்றத்தை, நீதிமன்றத்துக்கு இழுக்காமல் பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ள அது வழி செய்தது. உயிர் போகிற அளவுக்கான கலப்படத்துக்கு வேறு கடுமையான பிரிவு இருக்கிறது என்று வக்கீல் நண்பர்கள் திருத்துவார்கள். சரி, இருக்கட்டும். குழந்தை சாகிற வரைக்கும் அபராதம், செத்த பிறகு கடும் தண்டனை என்றால் நடுவில் காவல் காப்பது யார்?

இந்த இடத்தில் வாட்ஸ்அப் வைத்தியர்கள் உள்ளே நுழைவார்கள். "அதான் சொன்னோமே, கற்பூரவள்ளி கசாயம் போதும்" என்று. ஐயா, என் வீட்டுத் தொட்டியிலும் கற்பூரவள்ளி இருக்கிறது. ஆனால் நிமோனியா வந்த பிள்ளைக்கு அதைக் கொடுத்து வீட்டிலேயே வைத்திருந்து கொன்ற கதைகளும் இந்த நாட்டில் நிறைய உண்டு. உங்கள் கணக்கை அப்புறம் பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கொடுமை இருக்கிறது. சின்னக் குழந்தைகளின் சளி இருமல் பெரும்பாலும் வைரஸால் வருவது, தானே வந்து தானே போவது. இரண்டு வயதுக்குக் கீழே இருமல் மருந்து எழுதவோ கொடுக்கவோ வேண்டாம், ஐந்து வயதுக்குக் கீழேயும் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரச் சேவை இயக்குநரகம் சொன்னது. சொன்ன தேதி 2025 அக்டோபர் 3, புதைக்கத் தொடங்கிய பிறகு. அதாவது, கூட நாலு நாள் மூக்கு ஒழுகியிருந்தால் அந்தப் பிள்ளைகளில் பலர் இந்நேரம் பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டே போயிருப்பார்கள்.

அடுத்த முறை மெடிக்கல் ஷாப்பில் நிற்கும்போது பாட்டிலைத் திருப்பி, பேட்ச் நம்பரையும் கம்பெனி பெயரையும் படியுங்கள். ஒன்றும் புரியாது. படித்தவனுக்கும் புரியாது, டாக்டருக்கும் புரியாது. 48.6 என்று எந்த லேபிளிலும் போடமாட்டார்கள். எஸ்.ஆர்.-13 என்ற அந்த கோல்ட்ரிஃப் பேட்ச்சின் லேபிளில் போட்டிருந்தது இவ்வளவுதான்: தயாரிப்பு, மே 2025. காலாவதி, ஏப்ரல் 2027.