சீசன் மாப்பிள்ளை

ஐந்தருவியில் தண்ணீர் கொட்டத் தொடங்கிவிட்டால் தென்காசி வீடுகளுக்குச் சீசன் மாப்பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். அதில் டல்லாஸ் ரகம் தனி. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவதும், பிரானூரில் பார்டர் பரோட்டா தின்பதும் எல்லாரையும் போலத்தான். ஆனால் பெட்டியில் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கும். காய்ச்சலுக்கு அல்ல, பீர் காய்ச்ச.

"அங்க அதுக்குச் சட்டமே இருக்கு மாமா. 1978-ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டாரு. ரெண்டு பெரியவங்க இருக்கிற வீட்டுக்கு வருசத்துக்கு 200 கேலன்."

மாமனார் மனக்கணக்கில் புலி. "750 லிட்டருக்கு மேல வருதே. இதுல எம் மகளையும் சேத்தா எண்ணியிருக்காக?"

இதுவரை அங்கே டப்பா மால்ட் பாகைக் கரைத்துத்தான் காய்ச்சியிருக்கிறார். தானியத்திலிருந்தே தொடங்குவதற்கு மாமனார் வீட்டில்தான் முகூர்த்தம் அமைந்தது. மாமனாரோ ஓய்வுபெற்ற தாசில்தார். 1937-ஆம் வருச மதுவிலக்குச் சட்டத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறவர். ஈஸ்ட் மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது, அதுவரைக்கும் என்ன கஞ்சி வேண்டுமானாலும் காய்ச்சிக்கொள்ளலாம் என்று உத்தரவானது.

மாப்பிள்ளை பார்லி வாங்கப் போனார். நாட்டுமருந்துக் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "நீர்க்கடுப்பா அண்ணாச்சி?" என்றார். வாங்கி வந்ததை ஊறப்போட்டு, துணியில் கட்டி, வேளைக்கொரு தரம் அவிழ்த்துப் பார்த்தார். தீட்டிய பார்லி எங்கே முளைக்கும்? மூன்றாம் நாள் நாறியது.

மாமியார் மாப்பிள்ளையிடம் நேரே பேசுவதில்லை. மகளைப் பார்த்துச் சொன்னார்: "அவுகட்ட சொல்லுட்டீ, கேப்பையப் போட்டா முளைக்கும்னு."

முளைத்தது. சாரல் நாளில் வெயில் ஏது? மாமியாரே முற்றத்து அறையில் வேட்டியை விரித்து, மின்விசிறிக்கடியில் உலர்த்தி, முளை உதிரத் தேய்த்து, மிக்சியில் ஒன்றிரண்டாக உடைத்தும் கொடுத்தார். இதன் பிறகுதான் மாப்பிள்ளையின் விஞ்ஞானம் ஆரம்பம். முளையில் ஊறும் நொதி மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்கும். சூடு 65 டிகிரியை ஒட்டியே ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். ஏறினால் நொதி செத்துவிடும். அடுப்பை அணைப்பார், பற்றவைப்பார், தெர்மாமீட்டரைப் பார்ப்பார். ஒரு சொட்டைத் தட்டில் விட்டு டிஞ்சர் அயோடின் வைத்தார். கருநீலம். மாவு இன்னும் இருக்கிறதாம். அரைமணி கழித்து வைத்ததில் நீலம் வெளுத்திருந்தது. புண்ணுக்குப் போடுகிற மருந்தைக் கஞ்சிக்குப் போடுகிறாரே என்று மாமனார் பேப்பரை மடித்துவிட்டார்.

"முளைகட்டுன மாவுல கஞ்சி இறுகாதுன்னு தெரியாதாக்கும்" என்றார் மாமியார், யாரையும் பார்க்காமல். நாலு பிள்ளைகளுக்கு அதைக் காய்ச்சி ஊட்டியவர். (இந்த இடத்தில் என் ஓட்டு மாமியாருக்குத்தான்.)

அடுத்தது கசப்பு. ஹாப்ஸ் பூவுக்கு எங்கே போவது? மாப்பிள்ளையின் கண் வேப்பம்பூ டப்பா மேல் விழுந்தது. அது ரசத்துக்கு, டப்பா பரணுக்கு ஏறிவிட்டது.

சர்க்கரை ஒரு துளி சேர்க்காமலே வடிநீர் நன்றாக இனித்தது. அடர்த்தி பார்க்க மாப்பிள்ளை ஹைட்ரோமீட்டரைத் தேடி மாடிக்கு ஓடினார். திரும்பி வருவதற்குள் ஏலக்காய் தட்டிப் போட்டுப் பேரப்பிள்ளைகள் குடித்து முடித்திருந்தார்கள். மாமனார் கையிலும் ஒரு டம்ளர்.

"அவுகட்ட சொல்லு" என்றார் மாமியார், "நாளைக்கு ரெண்டு டம்ளர் கூடப் போடட்டும். அடுப்ப மட்டும் பத்து மணிக்குள்ள விட்டுறணும். சாம்பார் வைக்கணும்."