சுருங்கும் வட்டம்

பப்ஜி விளையாட்டில் பாதுகாப்பு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வெளியே நிற்பவருக்கு உயிர் குறையும். 2017இல் உலகுக்கு அறிமுகமான இந்த ஆட்டத்தின் விறுவிறுப்பே அதுதான் என்பது இணையப் பண்டிதர்களின் தீர்ப்பு.

இலங்கைப் போரின் இறுதியில், வன்னியில் இதன் முன்னோட்டம் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. 2009 ஜனவரியில் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயம் 35.5 சதுர கிலோமீற்றர். பெப்ரவரி 12இல் அது புதுமாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையான கடற்கரைக் கீற்றானது. மே 8இல் முள்ளிவாய்க்காலில் ஒரு துண்டு. விளையாட்டில் வட்டத்துக்குள் வந்தவரை வட்டம் தொடாது. இங்கே எறிகணைகள் உள்ளேதான் விழுந்தன. வடிவமைப்பில் கோளாறு என்று அன்று ஒரு விமர்சகரும் நட்சத்திரத்தைக் குறைக்கவில்லை.

2021இல் வந்த இந்தியப் பதிப்பில் இரத்தம் பச்சை. உடனே பண்டிதர்கள் கொதித்தார்கள்: சிவப்பு இல்லாமல் என்ன யதார்த்தம்? யதார்த்தத்துக்கு மதிப்பெண் போடுவோர் இன்னும் இரண்டைச் சேர்க்கலாம். விளையாட்டில் செத்தவர் லொபிக்குத் திரும்பி அடுத்த ஆட்டத்துக்கு ஆயத்தமாகிறார். கடைசிவரை தப்பியவருக்குக் கோழி விருந்து. முள்ளிவாய்க்காலில் தப்பியவர்களுக்குச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம், முள்வேலியோடு.