குதிரை முட்டை 58 வெள்ளி

எங்கள் கல்யாணம் 2000-இல் நடந்தது. தேனிலவுக்குப் பினாங்கு வந்தோம். இருவர் மட்டும் வந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி அக்கரையில் இறங்கினால், என் மனைவியின் சித்தப்பா வேனோடு நிற்கிறார். "ஆயர் ஈத்தாம்ல வீடு இருக்கறப்ப நம்ம பிள்ளைங்க ஓட்டல்ல தங்கறதா?" என்று பெட்டியைப் பிடுங்கி உள்ளே போட்டார். அதோடு தேனிலவின் தனிமை முடிந்தது. ஒருநாள் கொடிமலைக்குப் போனோம். 1923-இல் ஓடத் தொடங்கிய அந்த மலை ரயிலில் அப்போதெல்லாம் நடுவழியில் இறங்கி வேறு பெட்டி மாற வேண்டும். கீழ்ப்பாதி வழியில் எனக்கும் மனைவிக்கும் நடுவே சித்தி உட்கார்ந்திருந்தார். மேல்பாதியில் சித்தியின் மாமியார்.

இதை நான் இருபத்தைந்து வருடமாகச் சொல்லிக் காட்டி வந்ததற்குப் பலன் கிடைத்தது. வெள்ளி விழாவுக்கு மகள் பரிசு கொடுத்தாள்: ஜார்ஜ்டவுனில் இரண்டு இரவு தங்க அறை, அதில் ஒரு இரவு இத்தாலிய உணவகத்தில் இருவருக்கு மேசை. "ரொமான்டிக்கா இருக்கும்பா. வழக்கம்போல மாமாக் கடைக்குப் போய் உட்காந்துடாதீங்க" என்றாள். (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு எங்கள் ஊரில் மாமாக் கடை என்று பெயர்.) மேசையைப் பதிவு செய்ததோடு பரிசு முடிகிறது, தின்பதற்குக் காசு நாங்கள்தான் தரவேண்டும் என்பது கிள்ளானை விட்டுப் புறப்பட்டு, ஐந்து மணி நேரம் காரோட்டி, பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலத்தையும் தாண்டிய பிறகே எனக்குத் தெரிந்தது.

உணவகம் லவ் லேனுக்குப் பக்கத்தில். காதல் சந்து! 'லோரோங் சிந்தா' என்று மலாயிலும் பலகை இருக்கிறது. பெயருக்குப் பல கதைகள் சொல்கிறார்கள். பக்கத்துத் தெருப் பணக்காரர்கள் தங்கள் ஆசைநாயகிகளைக் குடிவைத்த சந்து என்பது அதில் ஒன்று. இதை நான் பெருமையாக எடுத்துச் சொன்னதும் என் மனைவி நின்றுவிட்டாள். "அப்ப கட்டின பொண்டாட்டிய எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தாலும் சேர்த்தது, இங்குள்ள பழைய கடைவீடுகளுக்கு நல்ல காலம். அரிசி மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் இப்போது கப்புச்சினோ அடுக்கியிருக்கிறார்கள். நாங்கள் போன கடைவீட்டில் ஒரு பக்கச் சுவரைப் பூசாமல் செங்கல் தெரிய விட்டிருந்தார்கள். அதுதான் அழகாம். என் மனைவி அதைத் தடவிப் பார்த்து, "பாவம், பாதியில காசு தீந்துபோச்சு போல" என்றாள்.

எதிரெதிரே உட்கார வைத்தார்கள். நடுவில் ஒரு மெழுகுவத்தி.

அப்போதுதான் உறைத்தது, நாங்கள் இப்படி உட்கார்ந்ததே இல்லை. மாமாக் கடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். இருவர் முகமும் பந்து விளையாட்டு ஓடும் டிவியைப் பார்த்திருக்கும். எது பேசினாலும் டிவியிடம்தான் பேசுவோம். எங்கள் வீட்டின் முக்கிய முடிவுகள் எல்லாம், மகளின் படிப்பு உட்பட, யாரோ கார்னர் கிக் அடிக்கும்போது எடுத்தவைதான். இப்போது திடீரென்று முகத்துக்கு நேரே முகம். "என்ன பாக்கறீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "குளியலறைக் குழாய் ஒழுகறதுக்கு ஆள் சொன்னீங்களா?" என்றாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

மெனு வந்தது. அந்த வெளிச்சத்தில் அது இத்தாலியா, மலாயா, வட்டெழுத்தா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. படிக்கிற கண்ணாடியை நான் அறையில் வைத்துவிட்டேன். இருந்தது அவளுடைய கண்ணாடி ஒன்றுதான். அவள் ஒரு பக்கம் படித்துவிட்டுக் கழற்றித் தருவாள். நான் போட்டு விலையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவேன். இப்படி ஒரே கண்ணாடி மெழுகுவத்தியைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தது. பக்கத்து மேசை வெள்ளைக்காரத் தம்பதி எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஏதோ இந்தியச் சடங்கு என்று நினைத்திருப்பார்கள்.

இதில் இன்னொரு சிக்கல், அன்று வெள்ளிக்கிழமை. என் மனைவிக்கு வெள்ளிக்கிழமை சைவம், முட்டைகூட ஆகாது. கார்பனாராவில் பன்றி. ரகூவில் மாடு. கொஞ்சம் நம்பிக்கை தந்த பெயர்களைக் கைப்பேசியில் தேடினேன். ஒரெக்கியெத்தே என்றால் குட்டிக் காதுகள். லிங்குயினே, குட்டி நாக்குகள். வெர்மிச்செல்லி, குட்டிப் புழுக்கள். ஸ்ட்ரோட்சாப்ரெத்தி என்று ஒன்று. அதற்கு அர்த்தம் பாதிரியாரின் கழுத்தை நெரிப்பது. எல்லாம் வெறும் மாவு, வடிவத்துக்கு வைத்த பெயர் என்று எவ்வளவோ சொன்னேன். "வெள்ளிக்கிழமை அதுவுமா காதும் நாக்கும் புழுவுமா?" என்றாள்.

அவள் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எனவே நான் துணைக்கு வீரமாமுனிவரைக் கூப்பிட்டேன். இத்தாலிக்காரர்களை அப்படித் தள்ளிவிடக் கூடாது. 1680-இல் அங்கே பிறந்த பெஸ்கி பாதிரியார்தானே நம்மிடம் வந்து தேம்பாவணி பாடினார்? எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் குழப்பம் வராமல் திருத்தியவரும் அவர்தானே? அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் 'ஒரெக்கியெத்தே'யைத் தமிழில் எழுதவே முடியாது என்றேன். "அவர் சந்நியாசி மாதிரி வாழ்ந்தாரு. இங்க வந்து உட்காந்து 58 வெள்ளிக்கு எதையும் வாங்கித் தின்னல" என்று பதில் வந்தது.

58 வெள்ளி என்று அவள் சொன்னது புர்ராத்தாவை. மெனுவில் பச்சை இலை போட்டிருந்த முதல் பண்டம் அதுதான். பரிமாற வந்த சீனப் பெண்ணிடம் இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பால்கட்டி, சார், மிகவும் ஸ்பெஷல் என்றாள். சொல்லிவிட்டோம்.

வந்தது. ஒரு பெரிய தட்டின் நடுவில் வெள்ளையாக, உருண்டையாக, பளபளவென்று ஒன்று. சுற்றிலும் நான்கு தக்காளித் துண்டு. எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே நினைவு வந்திருக்க வேண்டும். பரமார்த்த குருவின் சீடர்கள் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பிக் காசு கொடுத்து வாங்குவார்கள், ஞாபகமிருக்கிறதா? முப்பது வருடம் அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிக்க வைத்தவள் என் மனைவி. அதை எழுதியவரும் அதே வீரமாமுனிவர்! முந்நூறு வருடத்துக்கு முன்பே ஓர் இத்தாலிக்காரர் தமிழனுக்கு எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார். நாம் அதைப் பாடமாகப் படித்துவிட்டு, நேரே வந்து முட்டையை வாங்கியிருக்கிறோம்.

கத்தியால் மெதுவாகக் குத்தினாள். கதையில் முட்டை உடைந்ததும் புதரிலிருந்து முயல் ஓடும். குதிரைக் குட்டி ஓடுகிறது என்று சீடர்கள் துரத்துவார்கள். இங்கே உள்ளேயிருந்து பாலாடை ஓடியது. துரத்திப் பிடிக்க ரொட்டித் துண்டுகள் இருந்தன. வாயில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உப்பு போட மறந்துட்டாங்க. ஆனா பால் நல்ல பால்." நேர்மையாகச் சொன்னால் எனக்குப் பிடித்திருந்தது. விலையை மறந்துவிட்டால் யாருக்கும் பிடிக்கும்.

அடுத்தது லிங்குயினே. புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் முட்டை உண்டு, பாக்கெட்டில் காய்ந்து வருவதில் கிடையாது என்று அந்தப் பெண்தான் விளக்கித் தேர்ந்துகொடுத்தாள். வெறும் பூண்டு, ஒலிவ எண்ணெய், கொஞ்சம் வற்றல் மிளகாய். முள்கரண்டியில் சுற்றச் சுற்ற அது அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக்கு வந்தபோது, இங்கே எல்லாரும் வலது கையால் மட்டுமே சாப்பிடுகிறார்கள் என்று கவனித்து எழுதினார். வெனிஸ்காரருக்கு அது அதிசயம். அவர் பேரப்பிள்ளைகளின் கண்முன்னால் என் மனைவி அந்த அதிசயத்தை மறுபடி நிகழ்த்திக் காட்டுவாளோ என்று பயந்தேன். நல்லவேளை, சீனப் பெண் கேட்காமலே ஒரு கரண்டி கொண்டுவந்து வைத்தாள். இருந்தும் தீர்ப்பு கடுமையாகத்தான் வந்தது: "வேகல. இடியாப்பத்த இப்படி அவிச்சா என் மாமியா என்ன சொல்லியிருப்பாங்க?" பல்லுக்குக் கொஞ்சம் தட்டுப்படுகிற மாதிரி எடுப்பதுதான் அவர்கள் பக்குவம் என்று சொன்னேன். "அவங்க பல்லு, அவங்க பக்குவம்" என்றாள்.

பிஸ்ஸாவைப் பற்றி அவளுக்குப் புகார் இல்லை. எனக்குத்தான் இருந்தது. அடுப்பு எங்கள் மேசையிலிருந்து தெரிந்தது. ஓர் இளைஞன் மாவு உருண்டையைத் தட்டி, விரித்து, கையில் சுழற்றி, காற்றில் வீசிப் பிடித்தான். எனக்குக் கண் கலங்காத குறை. இதைத்தானே நம் ஊர் ரொட்டி சானாய் அண்ணன் தினமும் காலையில், வாயில் பாட்டோடு, இவனைவிட இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றிச் செய்கிறார்? நாப்போலி பிஸ்ஸாக்காரரின் கலையை யுனெஸ்கோ 2017-இல் மானுட மரபாக ஏற்றது. ரொட்டி சானாயும் நாசி லெமாக்கும் தே தாரிக்கும் சேர்ந்த மலேசியப் பசியாறல் பண்பாட்டை 2024 டிசம்பரில் அதே பட்டியலில் ஏற்றது. ஏழு வருட சீனியாரிட்டி, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அண்ணனுக்கு ஒரு வெள்ளி எழுபது சென், இவருக்கு 42 வெள்ளியா? அந்த அடுப்பின் வெக்கையில் பிஸ்ஸா ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடுகிறது. கணக்குப் போட்டேன்: நொடிக்குக் கிட்டத்தட்ட 47 சென். தொலைபேசிக் கம்பெனிகூட இந்த விலையில் வெளிநாட்டு அழைப்பு விற்கவில்லை.

கடைசியில் திராமிசு. முட்டை உண்டு என்பதால் அவள் தொடவில்லை. நான் தனியாகத் தின்றேன். அந்தப் பெயருக்கு 'என்னைத் தூக்கி விடு' என்று அர்த்தமாம். பில் வந்தபோது பொருத்தம் புரிந்தது. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் குட்டியாக இரண்டு கூட்டல் குறி இருந்திருக்கிறது. ஒரே கண்ணாடியில் அது தப்பிவிட்டது. ஒரு கூட்டலுக்குச் சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து, இன்னொன்றுக்கு வரி நூற்றுக்கு ஆறு. பதினெட்டு வெள்ளித் தண்ணீர் போத்தலையும் சேர்த்து 184 வெள்ளி. கூட்டலெல்லாம் கூட்டி 213 வெள்ளி 44 சென். நம் நாட்டில்தான் ஒரு சென் நாணயம் இல்லையே, எனவே 45.

"பன்னெண்டு மணி ஆயிட்டா சனிக்கிழமைதானே?" என்றாள் என் மனைவி மெல்ல. நாள் சூரிய உதயத்தில்தான் பிறக்கிறது என்று முப்பது வருடம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவள். "நாசி கண்டார் கடை திறந்திருக்குமா?"

மீதிச் சில்லறையைத் தரக் குனிந்த சீனப் பெண், நல்ல தமிழில், "திறந்திருக்கும் ஆன்ட்டி. ஆனா மீன் சினை சீக்கிரம் தீந்துடும்" என்றாள்.

இருவரும் உறைந்துபோனோம். மனத்துக்குள் டேப்பைப் பின்னால் ஓட்டினேன். செங்கல் சுவர். குழாய் ஒழுகல். புழு. குதிரை முட்டை. இடையில் "இந்தப் பொண்ணு நம்மள நல்லா ஏமாத்துது" என்று நான் வேறு சொல்லியிருந்தேன். பிறை என்ற ஊரில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தாளாம்; அம்மா வேலைக்குப் போனபோது பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பாட்டிதான் பார்த்துக்கொண்டாராம். "குதிரை முட்டை கதை பாட்டியும் சொல்லியிருக்காங்க அங்கிள்" என்று சிரித்தாள். இருபது வெள்ளி டிப்ஸ் வைத்தேன். அதை டிப்ஸ் என்று சொல்வதைவிட அபராதம் என்று சொல்லலாம்.

மணி பத்துதான். பன்னிரண்டு ஆகும்வரை நடந்தோம். 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், லிட்டில் இந்தியாவில் இழுத்துச் சாத்திய நகைக்கடைகள், 1833-இலிருந்து இருக்கும் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில். சாத்திய கதவுக்கு வெளியே நின்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முன்கூட்டியே மன்னிப்பு கேட்கிறாள் என்று நினைக்கிறேன்.

எந்தக் கடைக்குப் போனோம் என்று சொல்லமாட்டேன். நாசி கண்டாரில் எது சிறந்தது என்று பினாங்கில் வாய் திறந்தால் நட்பு முறியும். 1907-இலிருந்து நடக்கும் ஹமீதியாவுக்கு ஒரு கட்சி, மற்றக் கடைகளுக்கு ஆளுக்கொரு கட்சி. தமிழ் முஸ்லிம்கள் தோளில் தடி போட்டு, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புமாகத் துறைமுகத் தொழிலாளிகளுக்குச் சுமந்து விற்ற சாப்பாடு இது; அந்தத் தோள் தடிக்குத்தான் கண்டார் என்று பெயர். பன்னிரண்டு ஐந்துக்கு வரிசையில் நின்றோம். ஐந்து குழம்பையும் கலந்து, 'பஞ்சிர்' என்று சொல்லிச் சோற்றை வெள்ளத்தில் மூழ்கடித்து வாங்கினாள். மீன் சினை ஒரே ஒரு துண்டுதான் மிச்சம். அது என் தட்டுக்கு வந்தது.

பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். டிவியில் பந்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி, என் தட்டிலிருந்த சினையில் பாதியைப் பிய்த்துக்கொண்டாள். "இது நெஜ முட்டை" என்றாள். இருவருக்கும் 31 வெள்ளி. கூட்டல் குறி கிடையாது.

மகளுக்குப் புர்ராத்தா படத்தை மட்டும் அனுப்பியிருக்கிறோம். மெழுகுவத்தியும் தெரிகிற மாதிரி நல்ல படம்; இதயம் போட்டுப் பதில் வந்தது. மற்றதை இங்கே எழுதிவிட்டேன். ஆபத்தில்லை. தமிழாசிரியையின் மகள் தமிழ் படிப்பதில்லை.