சிக்னல் கிடைக்கும் வரப்பு

குதிரை வாங்கக் கொடுத்த பணம் வேறு வழியில் செலவாவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. பாண்டிய மன்னன் கொடுத்தனுப்பிய பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிலாகக் கட்டினார் என்பது வரலாறோ புராணமோ, அந்தத் திருப்பெருந்துறைதான் இன்றைய ஆவுடையார்கோவில். அந்த மண்ணில் பிறந்தவன் என்கிற உரிமையில், வாஷிங் மெஷினுக்கென்று என் மனைவி எண்ணிக் கொடுத்த பணத்தில் நான் அறந்தாங்கி போய் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கி வந்தேன். மாணிக்கவாசகருக்காக இறைவனே நரியைப் பரியாக்கி ஓட்டி வந்தான். எனக்காக யாரும் வரவில்லை. ஒரு மாதம் என் வேட்டியை நானே துவைத்தேன்.

"பயிருக்காகத்தான் வாங்கினேன்" என்று நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. எழுபது சென்ட்டில் பருத்தி போட்டிருந்தேன். இது நெல் விளையும் சீமை. கல்லணைக் கால்வாயின் கடைமடை. அந்தத் தண்ணீர் மும்பாலை ஏரிக்கு வந்து சேருவதற்குள் அதற்கே அலுத்துப் போயிருக்கும். சம்பா அறுத்த வயல் கோடையில் சும்மா கிடப்பானேன் என்று டெல்டாக்காரர்கள் மாசி பங்குனியில் பருத்தி விதைக்கிறார்கள் அல்லவா, அதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. தண்ணீர் பக்கத்து வயல்காரர் சின்னையாவின் போர்வெல்லிலிருந்து. அறிவு என் போனிலிருந்து. ஏற்பாடு அப்படி.

போனில் இறக்கிக்கொண்ட பயிர்ச் செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடந்ததில் அதன் தப்பு ஒன்றுமில்லை. இலையைப் படம் பிடித்துக் காட்டினால், தான் முன்பே பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான படங்களில் கற்ற அடையாளங்களை வைத்து, இன்ன பூச்சி, இன்ன நோய் என்று அது சொல்லும். நான் காட்டிய முதல் படத்துக்கு வந்த பதில்: "படத்தில் பயிர் தெரியவில்லை. மீண்டும் முயலவும்." பெரிதாக்கிப் பார்த்தேன். பாதிப் படம் என் கட்டைவிரல், மீதி என் கைலி.

அடுத்த சிக்கல் சிக்னல். எங்கள் ஆத்மநாதர் கருவறையில் லிங்கம் கிடையாது. ஆவுடை மட்டும்தான். சாமி மேலே இருப்பதாக மனசுக்குள் வைத்துக் கும்பிட வேண்டும். எங்கள் வயலில் செல்போன் சிக்னலும் அதே தத்துவம்தான். விதிவிலக்காக ஈசானி மூலையில், வேப்பமரத்தடி வரப்பில், இரண்டு கோடு காட்டும். காலையில் போனால் அங்கேதான் என் ஆசனம். வயலின் மற்ற மூன்று மூலைகளுக்கும் நான் போனதில்லை என்று சின்னையா இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறார். தெற்கு மூலைக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன்.

மும்பையில் இருக்கும் வாத்வானி ஏஐ நிறுவனத்துக்கு இந்த சிக்னல் சங்கதி முன்பே தெரிந்திருக்கிறது. பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்காக அவர்கள் ஒரு செயலி செய்தார்கள். இனக்கவர்ச்சிப் பொறியில் விழுந்த அந்துப்பூச்சிகளை வெள்ளைத் தாளில் கொட்டிப் படம் எடுத்தால் போதும், அதுவே எண்ணி, மருந்து அடிக்கலாமா பொறுக்கலாமா என்று சொல்லிவிடும். 2019-ல் கூகுள் அதற்கு நிதி கொடுத்தது. இணையம் இல்லாத இடத்திலும், விலை மலிந்த போனிலும் ஓடுகிற மாதிரி அதைச் சுருக்கினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 2002-ல் பி.டி. பருத்தி வந்தபோது புழுவின் கதை முடிந்தது என்றார்கள். புழு அதைப் படித்துப் பார்த்து, 2006-ல் வந்த இரண்டாம் தலைமுறை விதையையும் ஜெயித்துவிட்டது. ஆகவே மறுபடி பழைய வேலை: பூச்சியை எண்ணு.

நான் வாயால் எண்ணினேன். பொறி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு எட்டு வீதம் மூன்று நாள் தொடர்ந்து விழுந்தால்தான் மருந்து என்பது கணக்கு. முதல் நாள் ஐந்து, மறுநாள் மூன்று. பொறியில் பெண் பூச்சியின் வாசனை மட்டும்தான் வைத்திருக்கிறது, ஆள் கிடையாது, அதை நம்பி வந்து விழுவதெல்லாம் ஆண்கள் என்று மனைவிக்கு விளக்கினேன். "பூச்சியிலயுமா?" என்றாள்.

ஐம்பது நாள் வாக்கில் இலைகள் சிவந்தன. சப்பை வைக்கிற நேரம். செயலி மூன்று சந்தேகங்களைச் சொன்னது, அதில் முதலாவது தத்துப்பூச்சி. நான் மருந்துக்கடைக்கு வண்டியை எடுத்தேன். சின்னையா மறித்தார்.

"எந்த இலைடா சிவந்திருக்கு? அடி இலையா, கொழுந்தா?"

ஒரு இலையைத்தான் படம் எடுத்தேன், அது எங்கே இருந்தது என்று தெரியாது என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து ஒரு இலையைப் புரட்டினார். தத்துப்பூச்சிக் குஞ்சாக இருந்தால் இலையின் அடிப்பக்கம் பச்சையாக, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். ஒன்றுமே ஓடவில்லை. விளிம்பும் சுருளவில்லை. அடி இலைகள்தான் சிவந்திருந்தன, அதிலும் நரம்பு மட்டும் பச்சை. 1800-180-1551-க்கு அடித்தேன். 2004-லிருந்து இயங்கும் கிசான் கால் சென்டர், தமிழிலேயே பேசுவார்கள். போனை எடுத்த பெண்ணும் சின்னையா கேட்ட அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டார். மக்னீசியம் பற்றாக்குறை. மக்னீசியம் சல்பேட் கரைத்துத் தெளிக்கச் சொன்னார். நான் வாங்கப் போனதோ பூச்சிக்கொல்லி. இல்லாத பூச்சியைக் கொல்லக் கிளம்பியவன் என்ற பெயர் டீக்கடை வரைக்கும் போய்விட்டது.

இந்த அவமானத்தில் செயலி மேல் எனக்குக் கோபம். அதை மடக்க ஒரு திட்டம் போட்டேன். வீட்டு வாசலில் மனைவி வளர்க்கும் செம்பருத்தியில் ஒரு கிளையைப் படம் எடுத்து, 'பயிர்: பருத்தி' என்று பொய் சொல்லி அனுப்பினேன். மாவுப்பூச்சி என்று பதில் வந்தது. கைகொட்டிச் சிரித்தேன். "பாத்தியா, செம்பருத்தியக் காட்டினா பருத்திப் பூச்சியச் சொல்லுது!"

மனைவி வந்து கிளையைத் திருப்பிக் காட்டினாள். தண்டோடு தண்டாக வெள்ளை வெள்ளையாக, இட்லி மாவு தெளித்த மாதிரி. மேலும் கீழும் எறும்புச் சாரை.

"ஏங்க, செம்பருத்தின்னு பேர்லயே பருத்தி இருக்கே. அதுகூடவா தெரியாது?"

ஒரே குடும்பம்தான். பருத்தி, செம்பருத்தி, வெண்டை எல்லாம் பங்காளிகள். 2006 வாக்கில் வட இந்தியப் பருத்தியைப் படுத்தி எடுத்த மாவுப்பூச்சிக்குச் செம்பருத்தியும் விருந்துதான். அதன் குஞ்சுகள் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறியவை. காற்றில் போகும், எறும்போடு போகும், மனிதர்களின் துணியிலும் தொற்றிக்கொண்டு போகும்.

துணி என்றதும் எனக்குத் தோளில் அரித்தது. தினமும் காலையில் சாமிக்குப் பூப்பறிப்பது என் வேலை. பறிக்கும்போது துண்டை அந்தச் செடி மேலேதான் போடுவேன். அப்புறம் அதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போவேன்.

ஓடினேன். சின்னையா எனக்கு முன்பே நின்றுகொண்டிருந்தார். தெற்கு மூலை சுத்தம். மேற்கு சுத்தம். ஈசானி மூலையில், வேப்பமரத்தடி வரப்பை ஒட்டிப் பதினோரு செடிகளில் மட்டும் மாவு பூத்திருந்தது. அவர் செடிகளைப் பார்த்தார், வரப்பில் நான் உட்கார்ந்து உட்கார்ந்து புல் படுத்துப்போன இடத்தைப் பார்த்தார், கடைசியாக என் துண்டைப் பார்த்தார்.

"சிக்னல் நல்லா கெடைக்குதுடா இங்க" என்றார்.

பதினோரு செடியையும் சாக்கில் சுற்றி, உதறாமல் தூக்கிப் போய் எரித்தோம். சுற்றியுள்ள செடிகளுக்கு வேப்பங்கொட்டைச் சாறு. செம்பருத்தியை மனைவி ஒட்ட நறுக்கினாள். நறுக்கிய கிளைகளை நான் வாய்க்காலில் போடப்போனேன்; என் கையிலிருந்து பிடுங்கி அடுப்பில் வைத்தாள். அன்றிலிருந்து வயலுக்கு அவள்தான் போகிறாள், போனும் அவளோடு போகிறது. எடுக்கிற படம் ஒவ்வொன்றும் தெளிவு. பருத்தி எடுப்புக்குக்கூட என்னைச் சாலையோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள், துண்டு இல்லாமல்.

முந்தாநாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வயலிலிருந்து வந்தவள் என்ன நினைத்தாளோ, போனை என் முகத்துக்கு நேரே பிடித்து ஒரு படம் எடுத்தாள். செயலி கொஞ்ச நேரம் சுற்றியது.

"என்ன சொல்லுது?" என்றேன்.

"பயிர் தெரியலையாம். மீண்டும் முயலணுமாம்" என்று படித்துவிட்டுப் போனை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். முயலவில்லை.