சதவீத அங்கிள்

நியூ ஜெர்சியில் எடிசன், பிளெயின்ஸ்பரோ, சவுத் பிரன்ஸ்விக் வட்டாரத்தில் எந்தத் தமிழ் விசேஷத்துக்குப் போனாலும் சாப்பாட்டு வரிசையில் அவர் இருப்பார். ஐம்பதைத் தொடும் வயது, தொழில் ஏதோ ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் டேட்டா. பார்த்தவுடன் "சௌக்கியமா" என்று கேட்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. உங்களுக்குப் பின்னால் செல்போனில் முகம் புதைத்து நிற்கும் பிள்ளையை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு உங்களைப் பார்த்து, "ஜூனியரா, சீனியரா?" என்பார். சீனியர், அதாவது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம், என்று சொல்லிவிட்டீர்களோ, வடையை மறந்துவிட வேண்டியதுதான். "ஜிபிஏ சொல்லுங்க. வெயிட்டடா, அன்வெயிட்டடா?"

எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கணித்துச் சொல்வதால் பிள்ளைகள் வைத்த பெயர் சதவீத அங்கிள். அவர் காதுபடவே சொல்வார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

எம்பிஏ படிப்பவர்கள் இவரிடம் வந்து பயனில்லை. இவருடைய எல்லை பள்ளிக்கூடத்திலிருந்து நேரே பிசினஸ் படிக்கப் போகும் பதினேழு வயசுக்காரர்கள். கம்ப்யூட்டர் சயன்ஸுக்குக் கணிப்புச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதில் போட்டி அதிகம் என்று பிசினஸ் பக்கம் ஒதுங்கியவர் என்று கேள்வி. அவருடைய செல்போனில் ஒரு எக்செல் இருக்கிறது. வரிசைக்கு ஒரு கல்லூரி, கட்டத்துக்கு ஒரு குணம். எஸ்ஏடி 1560 என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சூப்பர்ஸ்கோரா?" என்பார். இரண்டு தடவை எழுதி இரண்டிலும் நல்லதை மட்டும் பொறுக்கிச் சேர்த்த மார்க்கா என்று அர்த்தம். ஆமாம் என்றால் அரை சதவீதம் குறையும். கல்லூரி குறைக்கிறதோ இல்லையோ, இவர் குறைப்பார்.

வார்ட்டன் என்று சொல்லும்போது மட்டும் குரல் தணியும். இரும்பிலும் நிக்கலிலும் சம்பாதித்த ஜோசப் வார்ட்டன் 1881-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்து வைத்தது, பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பிசினஸ் பள்ளிகளில் அமெரிக்காவிலேயே முதலாவது என்ற வரலாற்றைச் சாம்பாரை ஆற வைத்துவிட்டுச் சொல்வார். 2024-ல் சேர பென்னுக்கு மட்டும் 65 ஆயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், நூற்றுக்கு ஐந்து சொச்சம் பேருக்கு இடம் கிடைத்தது. "அது பென் முழுக்க. நம்ம வார்ட்டன் தனி" என்று இன்னும் தணிந்த குரலில் சேர்த்துக்கொள்வார். அந்த 'நம்ம'வில் இருக்கிற உரிமையைக் கேட்டால், வார்ட்டன் பிளெயின்ஸ்பரோவுக்கு அடுத்த நிறுத்தம் என்றே தோன்றும்.

ஒரு அம்மா தெரியாத்தனமாக, "ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் எப்படிங்க?" என்று கேட்டுவிட்டார். அங்கிள் தட்டைக் கீழே வைத்தார். "ஹார்வர்டுல இளங்கலை பிசினஸ் கிடையாதும்மா. அது 1908-லேர்ந்து மேல்படிப்புக்காரங்க இடம். பையன் எகனாமிக்ஸ்தான் எடுக்கணும்." அந்த அம்மா அதற்கப்புறம் அந்தப் பக்கம் பாயசத்துக்குக்கூட வரவில்லை. ஆனால் இதை மதுரையில் இருக்கும் மாமியாரிடம் யார் சொல்வது? அவர் ஏற்கெனவே தெருவில் ஹார்வர்டு என்று சொல்லியாகிவிட்டது.

கார்னெல்லின் டைசன் பள்ளி பற்றி அவர் பேசும்போது எனக்கு மட்டும் உள்ளுக்குள் சிரிப்பு வரும். பிசினஸ் சொல்லித்தரும் அந்தப் பள்ளிக்கு வேளாண்மைக் கல்லூரியிலும் ஒரு கால் உண்டு. கும்பகோணத்துப் பக்கம் தாத்தா நாலு ஏக்கரை விற்று மகனை இன்ஜினியர் ஆக்கினார், மகன் கடல் தாண்டினான், இப்போது பேரன் வேளாண்மைக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கூடவே இன்னொரு வயிற்றெரிச்சல்: நியூயார்க் மாநிலத்துக்காரர்களுக்கு அங்கே கட்டணம் குறைவு. "பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு வாங்கியிருக்கணும்" என்று அங்கிள் பெருமூச்சு விடுவார், எல்லா வீட்டு அப்பாக்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு.

அவருக்குப் பிடிக்காத கல்லூரிகளும் உண்டு. இண்டியானாவின் கெல்லி நெடுங்காலம் இன்ன மார்க்கும் இன்ன எஸ்ஏடியும் இருந்தால் நேரடிச் சேர்க்கை என்று பட்டவர்த்தனமாகச் சொல்லி வந்தது. அப்படிச் சொல்லிவிட்டால் நடுவில் இவர் எதற்கு? பெர்க்லியின் ஹாஸ் வேறு விதமாகக் கழுத்தறுத்தது. முதலில் பெர்க்லியில் சேர்ந்து, இரண்டு வருஷம் படித்து, அப்புறம் ஹாஸுக்கு விண்ணப்பிப்பதுதான் முறை. அதற்கேற்ற சூத்திரத்தை அவர் பாடுபட்டுத் தயார் செய்து வைத்திருந்தார். 2024-லிருந்து முதல் வருஷமே எடுத்துக்கொள்கிறோம் என்று மாற்றிவிட்டார்கள். எக்செல்லில் ஒரு பக்கமே வீண்.

பாடத்துக்கு வெளியே செய்தவை என்று வந்தால்தான் அங்கிள் முழு உருவம் எடுப்பார். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் அதற்குப் பத்து இடங்கள், இடத்துக்கு 150 எழுத்து விவரம், இடைவெளியும் கணக்கில் சேரும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருமே ஃபவுண்டர்கள். அப்பா இருபது வருஷமாக சீனியர் அனலிஸ்ட்டாகவே இருப்பார், பையன் பதினாறு வயதில் சிஇஓ. பழைய கால்குலேட்டர்களைச் சேகரித்து ஏழைப் பிள்ளைகளுக்கு அனுப்பும் தொண்டு நிறுவனம் ஒரே தெருவில் மூன்று உண்டு. யாரிடமிருந்து யார் சேகரிக்கிறார்கள் என்பது அந்தத் தெருவுக்கே தெரியாது. "டெக்கா பிசினஸ் போட்டியில இன்டர்நேஷனல் வரைக்கும் போனியா கண்ணா?" என்று அங்கிள் கேட்பார். ஸ்டேட்டோடு நின்றுவிட்ட பையன் தலையைக் குனிந்துகொள்வான், கொலைக் குற்றம் செய்தவன் கணக்காக.

பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். பெண்ணுக்குப் போன வருஷம் அரங்கேற்றம். பத்து வருஷப் பயிற்சி, மூன்று மணி நேர நிகழ்ச்சி, சென்னையிலிருந்து வரவழைத்த பக்கவாத்தியம், நானூறு பேருக்குச் சாப்பாடு. அத்தனையையும் 150 எழுத்துக்குள் திணிக்க அம்மாவும் பெண்ணும் போராடிக்கொண்டிருந்தார்கள். அங்கிள் மசால் தோசையைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்தார். படித்தார். நெய்க் கை படாமல் சுண்டுவிரலால் திரையைத் தள்ளினார். "மிருதங்கம்னு எழுதியிருக்கீங்களே, அது இங்கிலீஷ்ல ஒன்பது எழுத்து. பிரசிடென்ட்டும் ஒன்பது எழுத்துதான். எது வேணும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க."

"எதுக்கு அங்கிள் பிரசிடென்ட்? நான் டான்ஸ்தானே ஆடினேன்?" என்றாள் பெண்.

"ஆடறவங்க இங்கே நிறைய பேரும்மா."

மிருதங்கம் போயிற்று என்றுதான் நினைக்கிறேன்.

இந்த மனிதரை இப்படி ஆக்கியது வார்ட்டன் அல்ல, கிண்டி. தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வு வழியாக இன்ஜினியரிங் சேர்ந்தவர். கணக்குக்கு நூறு, இயற்பியல் வேதியியலுக்குச் சேர்த்து நூறு, நுழைவுத் தேர்வுக்கு நூறு, மொத்தம் 300. தன் கட்-ஆஃபை இரண்டு தசமத்தோடு இன்றும் சொல்வார், கல்யாண நாளை மட்டும் மனைவி ஞாபகப்படுத்த வேண்டும். ரேங்க் வந்தது, பெயர் கூப்பிட்டார்கள், எங்கே எத்தனை இடம் மிச்சம் என்று கண்ணால் பார்த்தார், ஒன்றைச் சுட்டிக் காட்டினார், முடிந்தது. கால் மார்க்கில் போன நண்பனுக்குக்கூட ஏன் போயிற்று என்று தெரியும். அப்படி வளர்ந்தவரிடம் ஒரு பல்கலைக்கழகம் வந்து, "நாங்கள் முழு மனிதரைப் பார்க்கிறோம், கட்-ஆஃப் என்று ஒன்று எங்களிடம் இல்லை" என்றால் நம்புவாரா? வார்ட்டன் இருக்கும் பிலடெல்பியாவில் ஏதோ ஒரு கட்டடத்தின் பேஸ்மென்டில், நாலு தசமம் வரை கணக்கிட்ட தரவரிசைப் பட்டியல் ஒன்று பூட்டி வைத்திருக்கிறது என்பது அவருடைய திடமான நம்பிக்கை. அதை எட்டிப் பார்க்க முடியாத குறையைத்தான் எக்செல் போட்டுத் தீர்த்துக்கொள்கிறார். சொல்லப்போனால், அவரிடம் போய் நிற்கும் நாங்களும் அதே வரிசையில் நின்று வந்தவர்கள்தானே?

எக்செல்லில் 'ஊர்' என்று ஒரு கட்டம். நியூ ஜெர்சி என்றால் மூன்று கழியும். "வயோமிங்குக்கு வீடு மாத்திருங்க" என்று இரண்டு பேரிடமாவது மெய்யாகவே ஆலோசனை சொல்லியிருக்கிறார். 'இந்தியர்' என்று இன்னொரு கட்டமும் இருந்தது. சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் அதை நீக்கினார். ஒரே வாரத்தில் 'பெயரின் நீளம்' என்று புதுக் கட்டம் முளைத்தது.

நவம்பர் முதல் தேதிக்குள் கொடுக்கும் எர்லி டிசிஷன்தான் அவருடைய பிரம்மாஸ்திரம். ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் அப்படிப் போடலாம், கிடைத்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அங்கேதான் சேர வேண்டும். "நிச்சயதார்த்தம் மாதிரி. தட்டு மாத்தியாச்சுன்னா வேற இடம் பார்க்கக் கூடாது. ஆனா சான்ஸ் டபுள்!" என்பார். இந்த டபுளை ஒருநாள் உடைத்தது உள்ளூர்ப் பள்ளியில் ஏபி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கும் திருச்சிக்கார அக்கா.

"அண்ணா, அந்தக் கூட்டத்துல முன்னாடியே பேசி வச்ச விளையாட்டுக்காரப் பசங்க இருக்காங்க, அங்கேயே படிச்சவங்க பிள்ளைங்க இருக்காங்க. அவங்களையும் சேர்த்துத்தான் அந்த டபுள். நம்ம பிள்ளைக்கு டபுள்னு எப்படிச் சொல்றீங்க?"

அங்கிள் அசரவில்லை. "சரி, அதை விடுங்க. காமன் ஆப்ல இருபது காலேஜ் போடலாம். ஒவ்வொண்ணுலயும் அஞ்சு பர்சென்ட் வச்சுக்குங்க. இருபது அஞ்சு நூறு. ஒண்ணாவது வந்தே தீரும்."

"அப்ப இருபத்தோராவது போட்டா நூத்தி அஞ்சா?"

நல்ல கூட்டம் சேர்ந்துவிட்டது. அக்கா அங்கிளின் பேனாவையே வாங்கிக் காகித நாப்கினில் போட்டுக் காட்டினார். இருபதும் தனித்தனிக் குலுக்கல் என்றே வைத்தாலும் ஒன்றாவது விழும் வாய்ப்பு 64 சதவீதம்தான். இங்கேயோ தனித்தனி என்பதே கிடையாது. போவது அதே மார்க், அதே 650 வார்த்தைக் கட்டுரை, அதே டீச்சர் எழுதிய சிபாரிசுக் கடிதம். ஒரு இடத்தில் கொட்டாவி வரவழைத்த கட்டுரை அடுத்த இடத்திலும் கொட்டாவி வரவழைக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆக, 64-கூட மிகை. அங்கிள் நாப்கினை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் தமிழ்ப் பள்ளி வராந்தாவில் ஒரு அப்பாவிடம், "இருபது போட்டா அறுபத்து நாலு. இது கணக்கு, யாரும் மறுக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் நடுவில் முடிவுகள் வரும்போது அவர் ஜெயிப்பது நிச்சயம். பன்னிரண்டு சதவீதம் என்று சொன்ன பையனுக்குக் கிடைக்கவில்லையா? "எண்பத்தெட்டு எதிரா இருந்துச்சே, சொன்னேனே." கிடைத்துவிட்டதா? "பன்னிரண்டு இருக்குன்னு சொன்னது யாரு?"

இந்த வருஷம் அவருடைய பெண்ணே சீனியர். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. எத்தனை சதவீதம் என்று கேட்டால், "அவ இஷ்டம்" என்று முதல் தடவையாக எண் இல்லாத பதில் சொல்கிறார். பெண் விவரமானவள். விண்ணப்பக் கட்டுரையை அப்பாவைப் பற்றியே எழுதிவிட்டாள். கல்யாண வீடுகளில் பந்திக்குப் பந்தி போய்ப் பிள்ளைகளைத் தசமத்தில் எடைபோடும் ஒருவருக்கு மகளாகப் பிறந்து, தன்னுடைய எண் என்ன என்று மட்டும் கடைசிவரை கேட்காமல் வளர்ந்த கதை. அக்கா படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு வயிறு வலிக்கச் சிரித்தாராம்.

அங்கிளிடமும் காட்டினாள். கேன்டீன் வாசலில் நின்று நிதானமாக இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்:

"ஏங்க, அப்பாவைக் கிண்டல் பண்ணி எழுதறது இப்ப எல்லாப் பிள்ளைங்களும் பண்றாங்களா? இல்லைன்னா மூணு பர்சென்ட் தாராளமாக் கூட்டலாம். எல்லாரும் எழுதறாங்கன்னா ஒண்ணரைதான்."