நேசறிப் பிள்ளைகளும் நியமனக் கடிதமும்

ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகத்துக்கு இன்று ஒரு தாய் கைப்பிள்ளையோடு போனால், அந்தப் பிள்ளைக்கென்று வேலை செய்கிறவர்களை மேசை மேசையாகச் சந்திக்கலாம். முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இன்னொருவர். சிறுவர் பாதுகாப்புக்கு வேறொருவர், உளவளத்துணைக்கு மற்றொருவர். அந்தக் கட்டடத்துக்கு வெளியே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார். தீவக வலயக் கல்வி அலுவலகத்தில் முன்பள்ளிகளுக்குப் பொறுப்பானவர் இருக்கிறார். நீதிமன்றம் வரை போகிற விஷயமென்றால் நன்னடத்தை உத்தியோகத்தர் வருவார்.

நான் நாரந்தனையில் பிறந்தவள். 1960களில் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகிற வயது வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்கு வந்த அரசாங்க உத்தியோகம் ஒன்றே ஒன்றுதான். அது மிட்வைவ் அம்மா, இன்றைய குடும்பநல உத்தியோகத்தர்.

வெள்ளைச் சேலை, கறுப்புப் பை, சைக்கிள். புகையிலைத் தோட்டத்து ஒழுங்கைக்குள் மணிச்சத்தம் கேட்டால் சின்னப் பிள்ளைகள் ஊசிக்குப் பயந்து பனங்கூடலுக்குள் ஓடுவோம். வீட்டுக்கு ஆறு, ஏழு பிள்ளைகள் இருந்த காலம். அவர் முற்றத்து வேம்பில் தொங்குதராசைக் கட்டி, துணித் தொட்டிலுக்குள் பிள்ளையை இருத்தி, முள் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்துக் கொப்பியில் எழுதுவார். "பிள்ளை, போன மாசத்தை விட இறங்கிப் போச்சு. என்ன குடுக்கிறனீ?" என்று அம்மாவைக் கேட்பார். அம்மா பதில் சொல்வதற்குள் அடுப்படிக்குள் போய்ப் பானையைத் திறந்து பார்த்துவிடுவார். 1926ஆம் ஆண்டு களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவிலிருந்து தீவு முழுதும் பரவிய ஏற்பாடு அது. இந்த நாட்டில் தாயும் சேயும் சாவது குறைந்த கதையை எழுதுகிறவர்கள் சைக்கிளில் வந்த அந்தப் பெண்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஐந்து வயதானால் அரிவரி. அதுவரைக்கும் பிள்ளை ஆச்சியின் பொறுப்பு. 1972இல் கல்விச் சீர்திருத்தம் வந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயதை ஐந்திலிருந்து ஆறாக்கினார்கள். பாலர் வகுப்பு போய்விட்டது. ஐந்து வயதுப் பிள்ளை ஒரு வருடம் யார் கையிலும் இல்லாமல் நின்றது. 1977க்குப் பிறகு வயதை மறுபடி ஐந்தாகக் குறைத்தார்கள் என்றாலும், இடையில் எங்கள் பக்கத்துச் சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும் அந்தப் பிள்ளைகளைக் கையேற்றுவிட்டன. நேசறி என்ற சொல்லை ஊரில் எல்லோரும் சொல்லத் தொடங்கியது அப்போதுதான். வாசிகசாலையின் பின்பக்கம் பனையோலைப் பாய் விரித்திருக்கும். பத்துமணிக்கு அவித்த பயறு. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்த ஒரு அக்காதான் ரீச்சர். வீட்டுக்கு வீடு தண்டிய காசும் தேங்காயும் அரிசியும்தான் அவருடைய சம்பளம். 'கலியாணம் கட்டும்வரைக்கும் செய்யட்டும்' என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்த வேலையை ஒரு தொழிலாக ஒருவரும் நினைக்கவில்லை.

1979 சர்வதேச சிறுவர் ஆண்டு. கொழும்பில் சிறுவர் செயலகம் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். பிறக்கும் முன்பிருந்து ஐந்து வயது வரைக்கும் உள்ள பருவத்தைப் பார்ப்பதற்கென்று அரசாங்கம் ஒரு கதவு திறந்தது. அந்தக் கதவு நாரந்தனை வரைக்கும் வந்து சேர வெகுகாலம் சென்றது.

நடுவில் 1990 வந்தது. 1990, 91ஆம் ஆண்டுகளில் போரினால் தீவகம் இடம்பெயர்ந்தது. சனம் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மண்டபங்களிலும் உறவினர் வீட்டுத் திண்ணைகளிலும் இருந்தது. எங்களோடு வந்த மிட்வைவ் ஒருவர் தன்னுடைய நகையை விட்டாலும் பிள்ளைகளின் பதிவேட்டை விடவில்லை. உரப்பையில் சுற்றிக் கொண்டுவந்த அந்தப் புத்தகத்தை மண்டபத்து மூலையில் விரித்து வைத்து, எந்தப் பிள்ளைக்கு முக்கூட்டு ஊசி எத்தனையாம் தரம் போட வேண்டும் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதிவேட்டில் இருந்த சிலபேர் அதற்குள் கடல் கடந்திருந்தார்கள். இலங்கையில் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி பதிவானது 1993இல். போர் நடந்த நாட்டில் அது எப்படி முடிந்தது என்று கேட்டால், அந்த உரப்பையைப் போன்ற பைகளால் முடிந்தது என்பேன்.

பிறகு நான் பிரதேச செயலகம் ஒன்றில் எழுதுவினைஞராக வேலைக்குச் சேர்ந்தேன். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தால் பழைய உதவி அரசாங்க அதிபர் (ஏஜிஏ) கந்தோர்கள் பிரதேச செயலகங்களாக மாறியிருந்த காலம். பிள்ளைகளுக்கான உத்தியோகங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததை நான் கோவைகளில் பார்த்தவள். சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991 யூலையில் ஏற்றது. அடுத்த ஆண்டு சிறுவர் பட்டயம் வந்தது. 1998இல் கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் நடைமுறைக்கு வந்தன. அதே ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை உண்டாக்கியது. பட்டதாரிகளை அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக எடுத்தபோது அவர்களில் பலருக்கு இந்த மேசைகள் கிடைத்தன.

இவை கடதாசி வேலை என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். என் சின்ன வயதில் தீவுப் பக்கத்து ஏழைப் பிள்ளைகள் பட்டணத்து வீடுகளுக்குப் 'பிள்ளை பார்க்க' என்று அனுப்பப்பட்டார்கள். பிள்ளை பார்க்கப் போனதே ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு அடி விழுந்ததோ, சோறு கிடைத்ததோ என்று கேட்க விதானையாருக்கும் அதிகாரம் இல்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்பும் இல்லை. இன்று அயல்வீட்டுக்காரர் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுக்கலாம். எடுத்தால் ஒரு உத்தியோகத்தர் படலையைத் திறந்து வருவார். அந்த மாற்றத்தை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

என் மனவருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே பிள்ளையை நாங்கள் துண்டு துண்டாகப் பங்கிட்டுவிட்டோம். பிள்ளையின் நிறை மாகாண சுகாதாரத்துக்குச் சொந்தம். நேசறியின் பதிவு மாகாணக் கல்விக்கு. உரிமை கொழும்பிலுள்ள நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்துக்கு. அதே பெயருள்ள மாகாணத் திணைக்களத்துக்கு நீதிமன்ற வழக்கு. துன்புறுத்தல் என்றால் அதிகார சபைக்கு. ஒவ்வொருவரிடமும் ஒரு படிவம், ஒவ்வொரு படிவத்திலும் அதே பெயர், பிறந்த திகதி, தாயின் தொழில். இத்தனை படிவத்துக்கும் தகவல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், காலை எட்டு மணிக்குப் பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகிற நேசறி ரீச்சரிடமிருந்து வருகிறது.

இப்போது எங்கள் ஊர் நேசறியில் பிள்ளைகள் ஒரு பாய்க்குள் அடங்குவார்கள். பாய் இல்லை, நிறம் நிறமான பிளாஸ்ரிக் கதிரைகள், வெளிநாட்டிலிருக்கும் ஊரவர்கள் வாங்கித் தந்தவை. ஒக்ரோபர் 1 சிறுவர் தினம். முதியோர் தினமும் அன்றைக்குத்தான். ஊரில் இரண்டையும் சேர்த்துக் கொண்டாடினால் முன்வரிசைப் பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசை வரிசையாக நாங்கள் இருப்போம். வீட்டுக்கு ஏழு பிள்ளைகள் இருந்தபோது ஒரேயொரு உத்தியோகத்தர் வந்த ஊருக்கு, பல வீடுகள் பூட்டிக் கிடக்கிற காலத்தில் இத்தனை உத்தியோகத்தர் கிடைத்திருக்கிறார்கள்.

அந்த நேசறியில் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நாலு வயதுப் பெடியன் ஒருவன். 'குழப்படி, சொல்வழி கேளான்' என்று வீட்டிலும் பெயர். ரீச்சர் அவனைச் சில நாட்கள் பேசாமல் கவனித்தார். ஒருநாள் பிள்ளைகள் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தபோது அவனுக்குப் பின்னால் போய் நின்று வெறும் பால்மா ரின்னைக் கரண்டியால் தட்டினார். எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் திரும்பவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். அப்போதும் அவன் மண் அள்ளிக்கொண்டே இருந்தான். அன்று பின்னேரமே குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லி, கிளினிக், அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை என்று காரியம் நடந்தது. செவிக்கருவி வந்தபிறகு அந்தப் பெடியன் கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டான். வளர்ச்சிப் பதிவேட்டில் இதற்கெல்லாம் கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்பத் தினமும் நாலு மணித்தியாலம் பக்கத்தில் இருக்கிற ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்குத்தான் நியமனக் கடிதம் இல்லை. அவர் முன்பள்ளிக் கல்வியில் டிப்ளோமா முடித்தவர். உளவியல் படித்தார், பாட்டும் கைவேலையும் படித்தார், பயிற்சிக்கென்று பண்ணைப் பாலம் கடந்து வார இறுதிகளில் போய்வந்தார். மாதக் கடைசியில் கிடைப்பது மாகாணம் கொடுக்கிற சில ஆயிரம் ரூபாக் கொடுப்பனவும், பெற்றோர் கட்டுகிற சிறு தொகையும். ஓய்வூதியம் இல்லை. பிள்ளைப்பேற்று விடுமுறை என்றால் தனக்குப் பதில் ஆளைத் தானே தேட வேண்டும். பிள்ளை குறைந்தால் பெற்றோர் காசும் குறையும். குடும்பநல உத்தியோகத்தர் பதினெட்டு மாதம் சம்பளத்தோடு பயிற்சி பெற்றுப் பதவிக்கு வருகிறார், அது சரியானது. அதே பிள்ளையை அதே ஊரில் பார்க்கிற இன்னொரு பெண்ணுக்கு ஏன் அந்த வழி இல்லை?

காசு இல்லை என்பது பதிலாகாது. போர் முடிந்தபின் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளிகளை எடுத்து நடத்தி, ரீச்சர்மாருக்கு மாகாணக் கொடுப்பனவை விடப் பல மடங்கு சம்பளம் கொடுத்தது. அது அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த திணைக்களம். பாதுகாப்புக் கணக்கில் பாலர் பள்ளிக்கு நிரந்தர வேலை இருந்தது. கல்விக் கணக்கில் இருக்கவில்லை. அங்கே போன பெண்களை நான் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறவர் சீருடைக்காரரின் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டி வந்ததே என்பதுதான் என் நெஞ்சைச் சுடுகிறது.

இது எங்களுக்கு மட்டும் உள்ள குறையும் இல்லை. அக்கரையில், இந்தியாவில், 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்துப் பணியாளர்களுக்கும் கிடைப்பது மதிப்பூதியம்தான். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஆகிவிட்டது. நோர்வேயிலோ ஒரு வயது தொடக்கம் பாலர் பள்ளியில் இடம் கிடைப்பது 2009 முதல் பிள்ளையின் சட்டபூர்வமான உரிமை. அங்கே பாலர் பள்ளி ஆசிரியர் மூன்று வருடப் பட்டப்படிப்பு முடித்தவர். எங்கள் ஊரை விட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த ஆசிரியர்களின் கையில் வளர்கிறார்கள். என் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒஸ்லோவிலிருந்து தொலைபேசியில், "அக்கா, இஞ்ச நேசறியில படிப்பிக்கிறது எண்டால் பெரிய மரியாதை" என்று சொல்லும்போது எனக்குச் சந்தோசம்தான். அவளுடைய சொந்தத் தமக்கை எங்கள் வாசிகசாலைக்குப் பின்னால் பயறு அவித்துக்கொடுத்துப் படிப்பித்தவர்.

செய்ய வேண்டியது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. புதிதாக இன்னொரு மேசை வேண்டாம், இன்னொரு குழுக்கூட்டமும் வேண்டாம். டிப்ளோமா உள்ள முன்பள்ளி ரீச்சரை மாகாணப் பொதுச்சேவைக்குள் எடுத்து, சம்பளப் படிநிலை கொடுங்கள். பிள்ளைத்தொகையைக் கணக்கில் எடுக்காமல், ஊருக்கு ஒருவர் என்று எடுங்கள். தீவகத்தில் பிள்ளை குறைவு என்பதைக் காரணம் காட்டி ஒரு நேசறியை மூடினால், சின்னப்பிள்ளை உள்ள குடும்பம் அடுத்த பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகு பள்ளிக்கூடமும் மூட வேண்டியதுதான்.

எங்கள் ரீச்சர் இப்போது அரசாங்கப் போட்டிப் பரீட்சை ஒன்றுக்குப் படிக்கிறார். எடுபட்டால் அவருக்கும் ஒரு செயலகத்தில் மேசை கிடைக்கும். சந்தோசமாக அனுப்பி வைப்போம். தையில் நேசறி திறக்கும்போது ஆள் வேண்டும் என்று சனசமூக நிலைய நிர்வாகத்தினர் நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிற ஒரு பிள்ளை, சின்னதுகளோடு நன்றாகச் சேர்கிற பிள்ளை, அவளுடைய வீட்டுக்குப் போன கிழமை போனேன். தேத்தண்ணி தந்தார்கள். தகப்பன் முதலில் கேட்டது, "அக்கா, இது கவுண்மேந்து உத்தியோகமோ?" என்பதைத்தான். இல்லை என்று சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.